டாக்டரின் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை

மகனுக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த அழைப்பிதழும் வந்து சேர்ந்தன. பெங்களூரில் புதிதாகக் கட்டியிருக்கும் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நீதான் பொறுப்பு என்றும், திறப்பு விழாவில் நான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்று நிர்வாகம் விரும்புவதாகவும் எழுதியிருக்கிறாய். நிர்வாகத்துக்கு என்னைத் தெரியாது, தெரிந்திருந்தால் விரும்பியிருக்காது. நான் வரவில்லை. வேறு யாராவது ஒரு மந்திரியின் மனைவியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், விளக்கு அவர்கள் கையாலும் எரியும். காரணத்தை உறையில் போட்டு அனுப்பாமல் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உறையில் அனுப்பினால் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, 'அம்மா வழக்கம்போல' என்று மேசை இழுப்பறையில் போட்டுவிடுவாய். அச்சில் வந்தால் உன் சிநேகிதர்கள் படித்துவிட்டு வந்து உனக்குச் சொல்வார்கள். நம் குடும்பத்தில் முக்கியமான சேதிகள் அடுத்தவர் வாய் வழியாக வந்து சேர்வதுதானே பழக்கம்.

புதுப் பிரிவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாய். கட்டிலுக்குக் கட்டில் இதயத் துடிப்பைக் காட்டும் திரை, சுவருக்குள்ளிருந்தே வரும் ஆக்சிஜன், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த மூச்சு இயந்திரம். நோயாளிகளின் சொந்தக்காரர்களைப் பற்றி மூன்று வரி. டாக்டர்களை வழிமறித்துக் கேள்வி கேட்கும் தொல்லை இனி இருக்காது, வாசலில் ஒரு பலகை வைக்கப் போகிறோம், தினமும் காலையில் நோயாளியின் பெயருக்கு நேரே 'நலம்', 'பரவாயில்லை', 'கவலைக்கிடம்' என்ற மூன்றில் ஒன்று எழுதப்படும், பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று. நல்ல ஏற்பாடு. தருமபுரி பஸ் நிலையத்திலும் ஒரு பலகை இருக்கிறது. ஒகேனக்கல் வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஜனங்கள் அதை முழுதாகப் படித்துவிட்டு, நேரே டிரைவரிடம் போய், "வண்டி போவுமாங்க?" என்று கேட்பார்கள். பட்டம் வாங்கியவர்களும் கேட்பார்கள். நீ அந்த டிரைவரின் மகன். ஏன் கேட்கிறார்கள் என்று இன்னொருவர் உனக்கு விளக்க வேண்டியிருக்கக் கூடாது.

உன் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த நாளை எடுத்துக்கொள். நீ அன்று பணியில் இருந்தாய், அவரை ஸ்ட்ரெச்சரில்தான் பார்த்தாய். அதற்கு முன்னால் நடந்ததைக் கண்டக்டர் என்னிடம் சொன்னார். ஒகேனக்கல்லிலிருந்து திரும்பி வரும்போது, பென்னாகரம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாராம். "எனக்கு நெஞ்சு வலிக்குதுங்க. இதுக்கு மேல நான் ஓட்டுனா உங்களுக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. பின்னால வர்ற வண்டியில ஏறிக்குங்க" என்றாராம். கூடையில் மீன் வைத்திருந்த ஒருவர், "டிக்கெட்டு மறுபடியும் வாங்கணுங்களா?" என்று கேட்டாராம். "அதே டிக்கெட்டு செல்லுங்க, கண்டக்டரு சொல்லி அனுப்புவாரு" என்று அதற்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாராம். முன்பின் தெரியாத ஒரு பஸ் நிறைய ஆட்களுக்குத் தன் நெஞ்சு வலியை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் அவர். அவருடைய மனைவிக்கு, அவர் சாகப்போகிறார் என்று சொல்ல ஓர் ஆஸ்பத்திரி முழுவதிலும் ஆள் கிடைக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதமாட்டேன். அங்கே நல்லவர்களும் இருந்தார்கள், அவர்களில் ஒருவன் நீ என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள்.

தீவிர சிகிச்சை என்று கதவில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்த அறை உனக்கு உள்பக்கமாகத் தெரியும். எனக்கு வெளிப்பக்கமாகத் தெரியும். வெளியே நீளமான வராந்தா. 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை. அதன் அடியில்தான் ஆட்கள் அதிகமாக அழுதார்கள். நிழல் அங்கேதான் இருந்தது. பாய் விரித்து, தூக்குப் போசியும் மாற்றுத் துணியுமாக ஒவ்வொரு குடும்பமும் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு குடியிருந்தது. நான் போனதும் வாட்ச்மேன் உள்ளே ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டார். "டாக்டரம்மா கீழ உக்காரலாமுங்களா?" என்றார். நீயும் பார்த்தாய், உனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எனக்கும் இருந்தது, மறைப்பானேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தவளுக்குப் பக்கத்தில் யாரும் பாயை நகர்த்திக்கொண்டு வந்து உட்கார மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆஸ்பத்திரியில் சேதி தரையோடுதான் நடக்கும். நர்ஸ் வெளியே வந்து ஒருத்தியிடம் ஒரு வார்த்தை சொல்வாள். அது பாய்க்குப் பாய் தாண்டிக் கடைசித் தூண் வரைக்கும் போய்விடும். எந்தக் கட்டிலுக்கு ரத்தம் வேண்டும், யாரைச் சேலத்துக்கு அனுப்பப் போகிறார்கள், யாருக்கு இன்றைக்குச் சொல்லிவிட்டார்கள் என்று தரையில் இருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். நான் அதற்கெல்லாம் இரண்டடி உயரத்தில் உட்கார்ந்து ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

நீ மதியம் சுற்று முடித்து வெளியே வருவாய். "எப்படிடா இருக்காரு?" என்பேன். "பரவாயில்லம்மா." "கஞ்சி ஏதாவது குடுக்கலாமா?" "பாக்கலாம்மா. நீ சாப்ட்டியா?" "நீ சாப்ட்டியா?" அதன் பிறகு பேச்சு இட்லிக்குப் போய்விடும். எந்த ஓட்டலில் வாங்கினது, சட்னி ஏன் புளித்தது என்று பேசிவிட்டு நீ உள்ளே போவாய். நம் இரண்டு பேருக்குமே அந்த இட்லி வசதியாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. என் பக்கத்துத் தூணில் இருந்த கிழவருக்கு இப்படி ஒரு மகன் இல்லை. அவர் உங்கள் பெரிய டாக்டரின் காலைப் பிடிக்கிற மாதிரி குனிந்து, "எம் பொண்டாட்டி பொழைப்பாளா சாமி?" என்று கேட்டார். அப்படிக் கேட்டதால் அவருக்குப் பதில் கிடைத்தது. எனக்கு யார் காலையும் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை. நான் பெற்றவனே உள்ளே இருந்தான்.

பிறகு உன் பெரியப்பா வந்தார். அதியமான்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு டெம்போ பிடித்துக்கொண்டு, அதில் மெத்தை போட்டு, அதன்மேல் புதுப் போர்வை விரித்து எடுத்து வந்திருந்தார். என் நாற்காலிக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, "ஏம்மா, தம்பிய வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமா? வண்டி வெளிய நிக்குது" என்றார்.

"எதுக்குங்க மாமா? பரவாயில்லைன்னுதான் சொல்றான்."

"பரவாயில்லாதவன எதுக்கு இத்தன நாளா உள்ளயே வெச்சுக் கதவச் சாத்தியிருக்காங்க?"

அதற்குள் நீ வந்தாய். "பெரியப்பா, அவர அசைச்சாலே ஆபத்து. ஆக்சிஜன் இல்லாம கொண்டு போனா வழியிலயே ஏதாச்சும் ஆயிடும்" என்றாய்.

"வழியில ஆனாக்கூடப் பரவால்ல சாமி, உசுரோட கெளம்புனதா கணக்கு. வூட்டுக்குள்ள போயி ஆச்சுன்னா அவன் புண்ணியம். இங்க ஆயிட்டா வாசப்படி தாண்டி உள்ள எடுக்க முடியாது. உனக்குத் தெரியாததா?"

"இந்தக் காலத்துல போய் இதெல்லாம் பேசறீங்களே. ஒண்ணும் ஆவாது. நீங்க நிம்மதியாப் போயி தோட்டத்துக்குத் தண்ணி கட்டுங்க."

"நீ சொல்றியேன்னு போறேன்" என்றார். டெம்போ மெத்தையோடு திரும்பிப் போனது. அவர் போனதும் நீயும் நானும் சிரித்தோம். வெளியில் உயிர் போனவரின் உடலை வீட்டுக்குள் எடுத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்ற விதியை எழுதியவர், ஆஸ்பத்திரி என்ற ஒன்று வரப்போவது தெரியாமல் எழுதிவிட்டார் என்று நான் ஏதோ சொன்னேன். கிளை நூலகத்தில் புத்தகங்களுக்கு நடுவே இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவள் சொல்லக்கூடிய பேச்சுத்தான். ஆனால் உன் பெரியப்பா கேட்டது வீட்டைப் பற்றி இல்லை. தம்பி சாகப்போகிறானா என்று கேட்டார். நம் பக்கத்தில் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். டெம்போ கொண்டு வந்து நிறுத்துவார்கள். நீ மூடநம்பிக்கைக்குப் பதில் சொல்லிவிட்டு, அவர் கேட்ட கேள்வியை அப்படியே திருப்பி அனுப்பினாய். "எடுத்துட்டுப் போவாதீங்க, வழியில கஷ்டப்படுவாரு. ஆனா இங்க இருந்தாலும் பொழைக்க மாட்டாரு. கூடவே இருங்க" என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் வராந்தாவிலேயே துண்டை விரித்திருப்பார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் கடைசியாக ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். நீ அவரைத் தண்ணீர் கட்ட அனுப்பினாய்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு என்னை உள்ளே விட்டார்கள். கதவருகிலேயே நீ நின்று, "ரொம்பப் பேச விடாதம்மா, ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றாய். நான் போய்க் கட்டிலருகே நின்றேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். கையைத் தூக்கி ஆக்சிஜன் மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கினார். "உக்காரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டரு?"

"நம்ம டாக்டருதான்."

"அவனா" என்று சிரித்தார். பல் தெரியாத சிரிப்பு. "இல்ல, சொல்லிட்டா எனக்கு..." என்று ஆரம்பித்தார். நான் மாஸ்க்கைப் பிடித்து மறுபடி மூக்கில் வைத்து, ரப்பர் பட்டையைக் காதுக்குப் பின்னால் சரிசெய்தேன். "மூச்ச வீணாக்காதீங்க. நாளைக்குப் பேசிக்கலாம்" என்றேன். அவர் மறுபடி அதை இறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சைக் கேட்டே பழகியவர். மணி அடிக்கும் வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் அவருக்குப் போர்வையை இழுத்துவிட்டு, நல்ல காரியம் செய்தவளைப் போல வெளியே வந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் டவுனில் தகரப் பெட்டி செய்து விற்கிறவர். அவர் மனைவி ரஹமத்தம்மா மூன்றாவது தூணில் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் வெளியே வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் உங்கள் பெரிய டாக்டர் வந்தார். அவளை எழுந்திருக்க வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, அவர் போய்ப் பாயின் விளிம்பில் குந்தி உட்கார்ந்தார். நாற்காலியிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்கவும் கேட்டது. "இனிமே மருந்து வேலை செய்யாதும்மா. இறந்துருவாரு. இன்னிக்கோ நாளைக்கோ. வர வேண்டியவங்களுக்குச் சொல்லியனுப்பு" என்றார். அவள் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவர் எழுந்து போகவில்லை. அழுது முடிக்கும் வரை தரையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். பிறகு அவள் கேட்டாள்: "நான் உள்ள போயி அவரு காதுல கலிமா சொல்லணுங்க. எம் பசங்களும் வரணும். உடுவீங்களா?" அவர் நர்ஸைக் கூப்பிட்டு, "இவங்க எப்ப வேணாலும் போகட்டும்" என்றார். வாணியம்பாடியிலிருந்து மகன்கள் வந்தார்கள். உள்ளே போனவர்கள் மெல்லிய குரலில் ஓதியது கதவிடுக்கு வழியாக வராந்தாவுக்குக் கேட்டது. அவர் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார்களாம். நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், இவர்களுக்கு யாரும் இல்லை, அதனால்தான் இப்படி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். நமக்கு நீ இருக்கிறாய் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் தகரப் பெட்டிக்காரர் இறந்தார். உடலை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ரஹமத்தம்மா என்னிடம் வந்தாள். அந்த வராந்தாவில் என் நாற்காலியை நெருங்கி வந்த முதல் ஆள் அவள்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நான் போறேன்க்கா. உங்களுக்கும் ஆண்டவன் பொறுமையக் குடுக்கணும்" என்றாள்.

"எனக்கென்னம்மா, இவரு தேறிக்கிட்டு வர்றாரு."

அவள் என் கையை விடவில்லை. முகத்தை மட்டும் திருப்பித் தன் பெரிய மகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அக்கா, உங்க மகன் சொல்லலீங்களா?"

"என்ன சொல்லலை?"

"நேத்து எங்ககிட்டச் சொன்னப்பவே சிஸ்டரு சொன்னாங்க, ரெண்டு கட்டிலும் ஒரே நெலமதான்னு. கிட்னி நின்னு போச்சு, நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சுன்னு. உங்களுக்குப் பெத்த புள்ளையே டாக்டரு, எப்பவோ பக்குவமாச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சமே. இந்தக்கா பாரு, எவ்வளவு தைரியமா பொஸ்தகம் படிச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்கன்னு உங்களக் காட்டித்தான் எங்க மாமியா என்னத் தேத்துனாங்க."

அந்த வராந்தாவில் என் கணவர் சாகப்போகிறார் என்று தெரியாத ஒரே ஆள் நான். கடைசித் தூண் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெரிய டாக்டர், நீ சொல்லியிருப்பாய் என்று நினைத்தார். நர்ஸ், பெரிய டாக்டர் சொல்லியிருப்பார் அல்லது நீ சொல்லியிருப்பாய் என்று நினைத்தாள். தரையில் இருந்தவர்கள் எனக்குத் தெரியாதது எதுவும் இருக்க முடியாது என்று நினைத்தார்கள். யார் மேலும் தப்பில்லை. ஒரு டாக்டரைப் பெற்றதற்கு எனக்குக் கிடைத்த தனி மரியாதை இது.

நான் எழுந்து கதவைத் தள்ளினேன். "நாலு மணிக்குத்தாங்க டாக்டரம்மா. நீங்களே இப்படிப் பண்ணுனா மத்தவங்களுக்கு நான் என்ன சொல்றது?" என்று வாட்ச்மேன் குறுக்கே கை வைத்தார். அவர் கையைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். நீ கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாய். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவருக்கு நினைவு தப்பி வெகு நேரம் ஆகியிருந்தது. "என்னங்க, நேத்து என்னமோ சொல்ல வந்தீங்களே, சொல்லுங்க" என்று காதருகே குனிந்து கேட்டேன். அந்த மாதிரி கூப்பிட்டால் எந்த அறையில் இருந்தாலும் பதில் கொடுப்பவர். அப்புறம் திரையில் ஏதோ மாறியது. நீ என்னைத் தோளைப் பிடித்து வெளியே அனுப்பினாய். ஓடி வந்தவர்களுக்கு இடம் வேண்டும் என்றாய். கதவு என் முகத்துக்கு நேரே மூடியது. அவருக்குத் தண்ணீர் விடவும் இல்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. திரும்பக் கதவு திறந்தபோது நீ வியர்த்துப்போய் வந்து நின்று, "எல்லாம் ட்ரை பண்ணினோம்மா" என்றாய். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "உன்னால தாங்க முடியாதுன்னுதாம்மா" என்றாய். இதோ நாலு வருஷமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறேன். எதைத் தாங்குவது என்பதில் மட்டும்தான் நீ எனக்கு வேறொன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாய்.

அவர் உடலைத் தெருவில் பந்தல் போட்டு, பெஞ்சில் கிடத்தினார்கள். வாசல் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவர் படுக்கும் கட்டில் தெரிந்தது. உன் பெரியப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். யாரோ, "நேத்தே கொண்டாந்திருக்கலாமே" என்று கேட்டார்கள். "எம் பேச்ச எவன் கேக்கறான்? டாக்டரு இருக்கற வூடு" என்றார். விதியை அவர் எழுதவில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் அத்தனை புத்தகம் படித்த நான், "உள்ளே எடுங்க, இது அவர் வீடு" என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. எதிர்த்துப் பேசும் தெம்பு முழுவதையும் முந்தின நாள் அவர் அண்ணனைப் பார்த்துச் சிரித்ததிலேயே செலவழித்துவிட்டிருந்தேன்.

நீ இந்த வித்தையை எங்கே கற்றாய் என்று யோசித்துப் பார்த்தேன். மருத்துவக் கல்லூரியில் இல்லை. உனக்கு எட்டு வயதாக இருக்கும்போது உன் சின்ன மாமா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவன். நீ தாங்கமாட்டாய் என்று நானும் உன் அப்பாவும் கலந்து பேசி, மாமா பம்பாயில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொன்னோம். நீ தீபாவளிக்கு வருவானா, பொங்கலுக்கு வருவானா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். பிறகு ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டாய். உனக்கு யார் சொன்னார்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. கஷ்டமான வேலை ஒன்று தானாக முடிந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்தோம். ஆகவே பாடம் நாங்கள் நடத்தியதுதான். நீ நல்ல மாணவன், என்னிடமே ஒப்பித்துக் காட்டினாய்.

இப்போது உன் கையில் ஒரு பிரிவே இருக்கிறது. அந்தப் பலகையை மாட்டாதே. மாட்டியாகிவிட்டது என்றால் கழற்றி, அதில் சமையலறைக்காரர்கள் அன்றைய சாம்பார் என்னவென்று எழுதட்டும். பிழைக்கமாட்டார் என்று உனக்குத் தெரிந்த அன்றைக்கே வெளியே வந்து, அந்த ஆளின் பெண்சாதி யார், தாய் யார் என்று கேட்டு அவளிடம் போ. கூட்டத்தில் இங்கிலீஷ் பேசுகிற மருமகனைத் தனியே கூப்பிட்டு அவனிடம் சொல்லிவிட்டு, சொல்லியாயிற்று என்று குறித்துக்கொள்ளாதே. அவன் வெளியே வந்து இட்லி வாங்கப் போய்விடுவான். நின்றுகொண்டு சொல்லாதே, உட்கார். சாவு என்ற வார்த்தையைச் சொல். அதைச் சொல்லாமல் நீ எதைச் சொன்னாலும் கேட்கிறவர்கள் பிழைத்துக்கொள்வார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், நான் எடுத்துக்கொண்டேன். சொன்ன உடனே கைக்கடிகாரத்தைப் பார்க்காதே. அவர்கள் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேள். ஒருத்தி காதில் ஓத வேண்டும் என்பாள், ஒருவர் கங்கைத் தீர்த்தச் செம்பைக் கொண்டு வருவார், ஒருவர் டெம்போ கொண்டு வருவார். உனக்கு எதிலும் நம்பிக்கை இருக்க வேண்டியதில்லை. உன் இயந்திரத்தின் மேல் அவர்களுக்கு மட்டும் நம்பிக்கை இருந்ததா என்ன, ஆனாலும் விட்டார்கள் அல்லவா. உள்ளே விடு. கடைசி நேரத்தில் இடம் போதவில்லை என்றால், ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்த பிறகும் செய்துகொண்டிருக்கும் டாக்டர்களில் இரண்டு பேரை வெளியே அனுப்பினால் ஒரு மனைவிக்கு இடம் கிடைக்கும்.

இன்னொன்று, இது யாரும் உனக்குச் சொல்லித் தராதது. சாகிறவருக்கு மகனோ மகளோ டாக்டராக இருந்தால், அவர்களை டாக்டர் கணக்கில் சேர்க்காதே. கழுத்தில் தொங்குவதைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டு வெளியே அனுப்பு. அன்றைக்கு யாராவது உன் கையைப் பிடித்து வராந்தாவுக்குத் தள்ளி, "நீ அவருக்கு மகன்யா, போய் உங்கம்மாகிட்ட உக்காரு" என்று சொல்லியிருக்க வேண்டும். நாம் இரண்டு பேரும் ஒரு பாயில் உட்கார்ந்து அழுதிருக்கலாம். உனக்கு அப்போது முப்பது வயதுகூட முடியவில்லை. உன் அப்பா சாகிறார் என்று உன்னையும் யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. இதை உனக்குச் சாதகமாக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நடந்ததை எழுதுகிறேன்.

இனி நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்கு இனிமேல் தெரியப்போவதில்லை. பீரோ சாவியைப் பற்றிக்கூட இருக்கலாம். பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அன்றைக்கு நாலு மணிக்கு, ரொம்பப் பேச விடாதே என்று கதவருகில் நின்று நீ என்னிடம் சொன்னபோது, அவருக்கு இன்னொரு நாலு மணி கிடையாது என்று உனக்குத் தெரியுமா? தெரியாது என்றால், பக்கத்துக் கட்டிலைப் பார்த்தவுடன் பெரிய டாக்டருக்குப் புரிந்தது உனக்குப் புரியவில்லை; நீ அப்போது சுமாரான டாக்டர். தெரியும் என்றால் நீ கெட்டிக்கார டாக்டர், என்னை வைத்தே அவர் வாயை மூடினாய். சில நாள் டாக்டரை விட்டுக்கொடுத்து மகனைக் காப்பாற்றுகிறேன். சில நாள் மகனை விட்டுக்கொடுத்து டாக்டரைக் காப்பாற்றுகிறேன். இரண்டு பேரையும் சேர்த்துக் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை.

எது என்று கடிதத்தில் எழுதாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி வா. என் எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல். உன் புதுப் பிரிவில் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் போய் நீ சொல்ல வேண்டிய நாள் வருவதற்குள் வந்துவிடு. முதல் தடவை சொல்லும்போது எல்லோருக்கும் நாக்குக் குழறும். அதை என்னிடம் குழறிவிட்டுப் போ.

அம்மா